நீரோடை காட்டிய வழி

1971ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி. மறுநாள் கிறிஸ்துமஸ். தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் தலைநகரமான லிமாவின் விமான நிலையத்தில் ஒரே கூட்டம். பண்டிகைக்கு ஊர் போய்ச் சேர வேண்டுமே என்ற தவிப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது. புகால்பா என்ற ஊருக்குப் புறப்பட வேண்டிய விமானம் ஏழு மணி நேரம் தாமதமாகிவிட்டது. அதற்காகக் காத்திருந்தவர்களில் ஒரு தாயும் மகளும் இருந்தனர். மகளின் பெயர் ஜூலியானே கோப்கே, வயது பதினேழு. அவளுடைய பள்ளியிறுதி விழா முந்தைய நாள்தான் நடந்திருந்தது. அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டதால் தாய் தம் பயணத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்.

லிமாவிலிருந்து புகால்பாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நடுவே ஆண்டிஸ் மலைத்தொடர். அதைத் தாண்டிவிட்டால் கண்ணுக்கு எட்டிய வரை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல அமேசான் காடு. ஜூலியானேவுக்கு 19ஆம் வரிசையில் ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் அம்மா. பாதிப் பயணத்துக்கு மேல் கடந்த பிறகு விமானம் கரிய இடிமேகங்களுக்குள் நுழைந்தது. தட்டுகளும் பரிசுப் பொட்டலங்களும் தலைக்கு மேலே பறந்தன. வலப்பக்க இறக்கையின் மேல் கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி தெரிந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னது மட்டும் அவள் காதில் விழுந்தது. அடுத்த கணம் விமானத்தின் இரைச்சல் நின்றுபோய்க் காற்றின் ஓசை மட்டுமே கேட்டது. அவள் விமானத்தில் இல்லை! இருக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டபடி தலைகீழாக வானத்தில் விழுந்துகொண்டிருந்தாள். கீழே மர உச்சிகள் நெருக்கி அடுக்கிய காலிபிளவர்ப் பூக்களைப் போலச் சுழன்று தெரிந்தன. பிறகு நினைவு போய்விட்டது.

அந்த விமானத்தில் இருந்தவர்கள் 92 பேர். உயிரோடு திரும்பியவள் அவள் ஒருத்திதான்.

இந்தச் செய்தி வெளியானபோது உலகமே இதை அதிசயம் என்றது. அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் முதல் சில நிமிடங்களுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். விழுந்து பிழைத்தது அதிர்ஷ்டம். விழுந்த பிறகு துணையில்லாமல், கருவி ஏதும் இல்லாமல், ஜனவரி 3ஆம் தேதி வரை மழைக்காட்டில் உயிரோடிருந்து வெளியே வந்ததற்கு வேறு காரணம் உண்டு. இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

விழுந்தவள் எப்படிப் பிழைத்தாள்?

சுமார் 3,000 மீட்டர் உயரத்திலிருந்து அவள் விழுந்தாள். "இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் கூடிக்கொண்டே போய்த் தரையில் மோதுவார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். காற்று இல்லாவிட்டால் அப்படித்தான் நடக்கும். ஆனால் காற்று தடுக்கிறது. வேகம் கூடக்கூட அந்தத் தடையும் கூடும். வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும். கடைசியில் ஈர்ப்பு விசையும் காற்றுத்தடையும் சமமாகிவிடும். அதன்பின் வேகம் கூடாது. இதைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறோம். கை கால்களை விரித்து விழும் ஒரு மனிதருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. ஆகும். சில நூறு மீட்டர் விழுவதற்குள் இந்த வேகம் வந்துவிடும். ஆகவே 1,000 மீட்டரிலிருந்து விழுந்தாலும் 3,000 மீட்டரிலிருந்து விழுந்தாலும் தரையை அடையும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜூலியானே தனியாக விழவில்லை. மூன்று பேர் அமரும் இருக்கை வரிசை முழுவதும் அவளோடு கழன்று வந்தது. மற்ற இரண்டு இடங்களும் காலி. முற்றிய முருங்கைக்காயை உடைத்து விதையை எடுத்துப் பாருங்கள். காகிதம் போன்ற மூன்று சிறகுகள் இருக்கும். அதை மாடியிலிருந்து போட்டால் கல்லைப் போல விழாது. சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். அந்த இருக்கை வரிசையும் இப்படிச் சுழன்றிருக்கலாம். இடிமேகங்களுக்குள் காற்று பலமாக மேல்நோக்கி வீசும். அதுவும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். அருகில் நின்று அளந்தவர் யாரும் இல்லை ஆகையால் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும்.

எவ்வளவு குறைந்தாலும் அது உயிரைப் பறிக்கும் வேகம்தான். ஒரு கணக்குப் போடுவோம். வேகம் நொடிக்கு 40 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது மணிக்கு 144 கி.மீ. கெட்டித் தரையில் விழுந்து 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், வேகத்தின் வர்க்கத்தை இரு மடங்கு தூரத்தால் வகுக்கும் சூத்திரத்தின்படி, எதிர்முடுக்கம் 8,000 வரும். இது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 800 மடங்கு! எந்த உடலும் தாங்காது. அதே வேகத்தில் விழுந்து, கொடிகளிலும் கிளைகளிலும் சிக்கிச் சிக்கி 10 மீட்டர் தூரத்தில் நின்றால்? எதிர்முடுக்கம் 80தான், ஏறத்தாழ 8 மடங்கு. இதை மனித உடல் தாங்கும். கிரிக்கெட் ஆடுகிறவர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது இதற்காகத்தான். அமேசான் காட்டில் மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். அவற்றை மொத்தமான கொடிகள் வலை போலப் பின்னியிருக்கும். அந்த வலைதான் அவளைப் பிடித்தது. உண்மையில் கிளைகள் ஒரே சீராக நிறுத்தியிராது; சில இடங்களில் பலமாக அடித்திருக்கும். அதற்கான அடையாளங்கள் அவள் உடம்பில் இருந்தன.

மறுநாள் காலை கண் விழித்தபோது கைக்கடிகாரம் ஒன்பது மணி காட்டியது. காறை எலும்பு முறிந்திருந்தது. முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. காலிலும் மேற்கையிலும் வெட்டுக்காயங்கள். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கிட்டப்பார்வை உள்ள அவளுக்கு மூக்குக்கண்ணாடியும் போய்விட்டது. உடம்பில் கை இல்லாத மெல்லிய கவுன். காலில் ஒரே ஒரு செருப்பு. எழுந்து நின்றால் தலை சுற்றியது. அன்று முழுவதும் இலைகளில் தங்கியிருந்த மழைத்துளிகளை நக்கிக் குடித்துக்கொண்டு, தவழ்ந்தபடியே அம்மாவைத் தேடினாள். அம்மாவைக் காணவில்லை. கிடைத்தது ஒரு மிட்டாய்ப் பொட்டலம் மட்டுமே.

காட்டில் ஒன்றரை ஆண்டு

இங்கே நாம் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். ஜூலியானேவின் பெற்றோர் இருவரும் ஜெர்மனியிலிருந்து பெருவுக்கு வந்து பணியாற்றிய விலங்கியல் அறிஞர்கள். தந்தை ஹான்ஸ் வில்ஹெல்ம் கோப்கே. தாய் மரியா கோப்கே பறவைகளை ஆராய்ந்தவர். 1968ஆம் ஆண்டில் இருவரும் அமேசான் காட்டுக்குள் ஓர் ஆற்றங்கரையில் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே கூவும் ஒரு பறவைக்கு அந்த வட்டார மக்கள் வைத்திருந்த பெயர் பங்குவானா. அதையே நிலையத்துக்கும் வைத்தார்கள். நிலையம் என்றதும் பெரிய கட்டடம் என்று எண்ணிவிடாதீர்கள். பனையோலைக் கூரை வேய்ந்த குடிசைகள்தான்.

பதினான்கு வயது ஜூலியானேவுக்கு முதலில் அங்கே போக விருப்பம் இல்லை. லிமாவில் தோழிகளை விட்டுவிட்டு இருட்டுக் காட்டில் என்ன செய்வது என்று முகம் சுளித்தாள். போன பிறகு காட்டை விட்டு வர மனம் இல்லாமல் போயிற்று. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அங்கே பெற்றோரிடமே பாடம் படித்தாள். எந்தக் குரல் எந்தப் பறவையுடையது, பாம்பு எங்கே படுத்திருக்கும், எந்தப் பூச்சி கடித்தால் என்ன ஆகும் என்பவையெல்லாம் அன்றாடப் பேச்சில் காதில் விழுந்தன. ஆபத்துக் காலத்துக்கான பயிற்சி என்று யாரும் தனியாகக் கொடுக்கவில்லை. வழி தவறிவிட்டால் ஓடையைத் தேடு, அது போகும் திசையிலேயே போ என்று தந்தை ஒருமுறை சொல்லியிருந்தார்.

விழுந்த இடத்தில் கண் விழித்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் ஆறுதலே இந்தப் பழக்கத்தால் வந்ததுதான். தவளைகளும் பறவைகளும் எழுப்பிய ஒலிகள் பங்குவானாவில் கேட்ட அதே ஒலிகள். ஆக, இது முன்பின் தெரியாத காடு அல்ல.

இருந்த இடத்திலேயே இருக்கலாமா?

காட்டில் வழி தவறினால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. சாரணர் இயக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தேடுகிறவர்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது எளிது. நல்ல விதிதான். பெரும்பாலும் அதைத்தான் நாமும் பின்பற்ற வேண்டும். ஆனால் ஒரு விதிக்குப் பின்னால் அதற்கான காரணம் இருக்கிறது அல்லவா? அந்தக் காரணம் இல்லாத இடத்தில் விதியும் இல்லை. தேடும் விமானங்களின் ஒலியை ஜூலியானே கேட்டாள். அண்ணாந்து பார்த்தால் இலைக்கூரைதான் தெரிந்தது. அவளுக்கு வானம் தெரியவில்லை என்றால், மேலே பறப்பவர்களுக்கு அவள் எப்படித் தெரிவாள்? தீ மூட்டிப் புகை எழுப்பத் தீப்பெட்டி இல்லை; இருந்தாலும் அது மழைக்காலம், எல்லாம் நனைந்து கிடந்தது. ஆகவே அங்கேயே இருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு செய்தாள்.

அப்போதுதான் நீர் கசிந்து ஓடும் மெல்லிய ஒலி கேட்டது. சிறிய ஊற்று. அதிலிருந்து விரற்கடை அகலத்தில் ஓர் ஓடை.

தந்தையின் அறிவுரைக்குப் பின்னால் உள்ள அறிவியல் எளிமையானது. ஓர் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரங்களில் உள்ள நுண்ணிய நரம்புகள் சற்றுப் பெரிய நரம்பில் சேரும். அவை நடு நரம்பில் சேரும். ஒரு நிலப்பகுதியின் நீரோட்டமும் இப்படியே. ஊற்று ஓடையில் சேரும், ஓடை சிற்றாற்றில் சேரும், சிற்றாறு பேராற்றில் சேரும். மனிதர்கள் எங்கே இருப்பார்கள்? அமேசான் காட்டில் சாலைகள் அரிது. ஆறுதான் அங்கே சாலை. வீடுகள், படகுத்துறைகள் எல்லாம் ஆற்றங்கரையில்தான்.

இன்னொரு பயனும் உண்டு. காட்டுக்குள் நேராக நடக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் நேராக நடக்க மாட்டோம். இதை ஜெர்மனியில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த ஆய்வில், சூரியன் தெரிந்தபோது காட்டில் ஓரளவு நேராக நடந்தவர்கள், மேகம் மூடிய நாளில் தங்களை அறியாமலேயே வட்டமடித்துப் புறப்பட்ட பாதைக்கே திரும்பி வந்தார்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓடை வளைந்து நெளிந்து போகலாம். ஆனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வராது. குறுக்கே வெட்டி நடந்தால் தூரம் குறையும் என்ற ஆசை வரத்தான் செய்யும். ஜூலியானே அதற்கு இடம் கொடுக்கவில்லை. விழுந்து கிடந்த பெரிய மரங்களை ஏறிக் கடந்து, ஓடையை ஒட்டியே போனாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற செங்குத்தான மலைகளில் இந்த யோசனை ஆபத்தானது. அங்கே ஓடை திடீரென்று அருவியாகக் குதிக்கும். பின்தொடர்ந்தவர் பாறை விளிம்பில் மாட்டிக்கொள்வார்.

தண்ணீருக்குள் நடை

கரையோரம் புதர் அடர்ந்திருந்ததால் பெரும்பாலும் தண்ணீரிலேயே நடந்தாள். உலர்ந்த இலைகளின் நிறத்திலேயே படுத்திருக்கும் விஷப் பாம்புகளை, அதுவும் கண்ணாடி இல்லாமல், பார்த்துவிட முடியாது. தரையில் நடக்க நேர்ந்தபோது செருப்புள்ள காலையே முதலில் எடுத்து வைத்தாள்.

தண்ணீரில் மட்டும் ஆபத்து இல்லையா? அமேசான் என்றதும் பிரானா மீன் நினைவுக்கு வரும். திரைப்படங்கள் அதைப் பெரிய அரக்கனாக்கிவிட்டன. ஓடும் நீரில் அது மனிதரைத் தாக்குவது அபூர்வம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் பயந்தது வேறொன்றுக்கு. ஆழமில்லாத இடத்தில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கை மீன். தெரியாமல் மிதித்தால் வாலில் உள்ள முள்ளால் குத்திவிடும். நடக்கவே முடியாமல் போகும். ஆகவே ஒரு குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தாள். ஆறு ஆழமானதும் நடு நீரோட்டத்தில் நீந்தினாள். திருக்கைகள் கரையோரத்திலேயே இருக்கும். கெய்மன் என்னும் முதலைகள் கரையிலிருந்து சரிந்து நீருக்குள் இறங்குவதைப் பார்த்தும் கலங்கவில்லை. அவை பெரும்பாலும் மனிதரைத் தாக்குவதில்லை என்றும் தெரிந்திருந்தது. பயமே இல்லாதவள் என்று நான் சொல்லவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள்.

நான்காம் நாள் பாட்டி கொடுத்த கைக்கடிகாரம் நின்றுபோயிற்று. அன்றுதான் ராஜக் கழுகுகளின் சிறகொலியைக் கேட்டாள். நிறைய பிணங்கள் இருக்கும் இடத்தில்தான் அவை இறங்கும் என்பதை அவள் அறிவாள். ஓடையின் ஒரு திருப்பத்தில், மூன்று பேர் அமர்ந்த இருக்கை வரிசை ஒன்று மண்ணில் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. அதில் ஒரு பெண்ணும் இருந்தாள். அம்மாவோ என்று அவளுக்கு நெஞ்சு அடைத்தது. கிட்டே போய்ப் பார்த்தபோது கால் நகங்களில் சாயம் பூசியிருந்தது. அம்மா ஒருநாளும் நகச்சாயம் பூசியதில்லை. அவளுக்கு ஒரு கணம் நிம்மதி ஏற்பட்டது. உடனே அப்படி நிம்மதி அடைந்ததற்காக வெட்கமும் ஏற்பட்டது.

உணவில்லாமல் எத்தனை நாள்?

மிட்டாய்கள் சில நாட்களிலேயே தீர்ந்துவிட்டன. அது பழக்காலமும் அல்ல. பனையின் குருத்தை உண்ணலாம். வெட்டக் கத்தி வேண்டுமே! தெரியாத இலையையோ காயையோ அவள் வாயில் வைக்கவில்லை. ஓட முடியாத தாவரங்கள் பல, தம்மைத் தின்ன வருபவர்களுக்கு எதிராக நஞ்சைத்தான் காவலாக வைத்திருக்கின்றன.

அப்படியானால் உடம்பு எதைக் கொண்டு ஓடியது? நம்முடைய மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுகோஸ் வேண்டும். கல்லீரலில் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேர்த்து வைத்திருப்பது சுமார் 100 கிராம்தான். ஒரு நாளில் அது தீர்ந்துவிடும். அதன்பின் உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். கொழுப்பிலிருந்து கல்லீரல் கீட்டோன்கள் என்ற பொருள்களைச் செய்து தரும். இரண்டு மூன்று நாட்களில் மூளையும் அவற்றை எரிபொருளாக ஏற்கப் பழகிக்கொள்ளும். உடலில் உள்ள ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி தரும். அதாவது பல நாட்களுக்கான எரிபொருள். சின்ன மிட்டாய் ஒன்று தருவது இருபது கலோரி அளவே. ஆகவே மிட்டாய்ப் பொட்டலம்தான் அவளைக் காப்பாற்றியது என்று எழுதுகிறவர்களின் கணக்கு சரியல்ல. அவளைக் காப்பாற்றியது தண்ணீர். உணவில்லாமல் ஆரோக்கியமான ஒருவர் சில வாரங்கள்கூட உயிரோடிருக்கலாம். தண்ணீர் இல்லாமல் சில நாட்கள்தான். ஓடை அவளுக்கு வழியும் காட்டியது, தாகமும் தீர்த்தது. காட்டு நீரில் நோய்க்கிருமிகள் இருக்கலாம்தான். ஆனால் கிருமி வேலை செய்யச் சில நாட்கள் ஆகும், தாகம் காத்திருக்காது.

பறவை சொன்ன செய்தி

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவளுக்கு ஒரு பறவையின் குரல் கேட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தப் பறவையின் பெயர் ஹோவட்சின். கோழி அளவில் இருக்கும். நீல முகம், தலையில் சிலுப்பிக்கொண்ட கொண்டை. பார்க்க அழகு, குரலோ கரகரப்பு. இது இலைகளைத் தின்று, மாட்டைப்போல் முன்வயிற்றில் நொதிக்க வைத்துச் செரிக்கிறது. அதனால் சாண வாடை வீசும்! இதன் குஞ்சுகளின் ஒவ்வொரு சிறகிலும் இரண்டு நகங்கள் உண்டு. எதிரி வந்தால் குஞ்சுகள் கூட்டிலிருந்து 'தொபுக்' என்று தண்ணீரில் குதிக்கும். ஆபத்து நீங்கியதும் அந்த நகங்களால் பற்றிப் பற்றி மரத்தில் ஏறிக் கூட்டுக்குத் திரும்பும்.

குதிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே இந்தப் பறவை நீருக்கு மேலே சாய்ந்த கிளைகளில்தான் கூடு கட்டும். இருண்ட காட்டின் நடுவே கட்டாது. அதன் குரல் கேட்கிறது என்றால் அருகில் திறந்த வெளியோடு கூடிய பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது என்று பொருள். பறவையியல் அறிஞரான தாயோடு வளர்ந்தவளுக்கு அந்தக் குரல் உடனே பிடிபட்டது. மரங்களும் கோரைப்புற்களும் அடைத்துக் கிடந்த ஓடையை விட்டு, சுற்றிக்கொண்டு, பெரும்பாடுபட்டு அந்தக் குரல் வந்த திசையில் போனாள். அகலமான ஆறு ஒன்று எதிர்ப்பட்டது. அது ஷெபோன்யா ஆறு.

ஆனால் கரையில் மனிதர் யாரும் இல்லை. விமானங்களின் ஒலியும் நின்றுவிட்டது. தேடுவதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அவளுக்குப் புரிந்தது. கோபமும் வந்தது, நம்பிக்கையும் தளர்ந்தது. ஆனாலும் ஆறு போகும் திசையிலேயே மிதந்து போனாள். பகலில் முதுகில் வெயில் கொளுத்தியது. அந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 9 பாகையில் உள்ளது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் அங்கே கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். நீருக்கு வெளியே தெரிந்த முதுகு வெந்து தோல் உரிந்தது. இரவில் மழையும் குளிரும் கொசுவும். பசியில் தவளைகளைப் பிடித்துத் தின்னலாமா என்று முயன்றும் பார்த்தாள். பிடிக்கும் வலு இல்லை.

புண்ணில் புழு

மேற்கையில் இருந்த காயத்தில் ஈக்கள் முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டது. நம் ஊரில் மாட்டுப் புண்ணில் புழு வைப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். சாதாரண ஈயின் புழுக்கள் அழுகிய சதையைத்தான் தின்னும். ஆனால் சில வகை ஈக்களின் புழுக்கள் உயிருள்ள சதையையே குடைந்து தின்னக்கூடியவை. ஜூலியானே தன் மோதிரத்தை வளைத்து அவற்றை எடுக்கப் பார்த்தாள். புழுக்கள் இன்னும் உள்ளே போயின. கையை இழக்க நேரிடுமோ என்று அஞ்சினாள்.

பத்தாம் நாள் ஒரு படகைக் கண்டாள். ஏதோ மயக்கக் காட்சி என்றே முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினாள். அங்கிருந்து ஒரு பாதை மேட்டில் ஏறி, சுவரில்லாத ஒரு குடிசைக்குப் போயிற்று. அந்தச் சில மீட்டர் தூரத்தை ஏற அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. குடிசையில் படகு மோட்டாரும் ஒரு கலத்தில் பெட்ரோலும் இருந்தன. பங்குவானாவில் நாய்க்கு இப்படிப் புழு வைத்தபோது அப்பா மண்ணெண்ணெய் ஊற்றியது நினைவுக்கு வந்தது. பெட்ரோலைக் காயத்தில் விட்டாள். வலி உயிர் போயிற்று. ஆனால் புழுக்கள் வெளியே தலைகாட்டத் தொடங்கின.

இதன் காரணம் என்ன? புழுவின் மூச்சுத்துளைகள் அதன் பின்முனையில் உள்ளன. அதனால்தான் தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, பின்முனையை வெளியே நீட்டியபடி அது நிம்மதியாகத் தின்ன முடிகிறது. எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் மூச்சு முட்டி, இடத்தை விட்டு நெளிந்து வெளியே வரும். நம் கால்நடைப் புண்களுக்கு டர்பன்டைன் எண்ணெய் விடுவதும் இதே நோக்கத்தோடுதான். அவள் சுமார் முப்பது புழுக்களை எடுத்தாள். பெட்ரோல் சதையை அரிக்கக்கூடியது. மருத்துவர் கிடைக்கும் இடத்தில் யாரும் இதைச் செய்யக் கூடாது. அவளுக்கு வேறு வழி இல்லை.

படகை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று தோன்றும். அது யாருடைய படகோ, எடுத்தால் திருட்டாகிவிடும் என்று அவள் அதைத் தொடவில்லை. அந்த நிலையிலும்! குடிசையிலேயே தங்கினாள். ஜனவரி 3ஆம் தேதி மாலை இருட்டும் நேரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. காட்டில் வேலை செய்யும் ஆட்கள் வந்தார்கள். கண்கள் சிவந்து, உடம்பெல்லாம் புண்ணாக நின்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, ஆற்றில் வாழும் நீர்த் தேவதையோ என்று திடுக்கிட்டு நின்றார்கள். அவளே ஸ்பானிய மொழியில் தான் யார் என்று சொன்னாள். அவர்கள் காயத்துக்கு மருந்திட்டு, உணவு கொடுத்து, மறுநாள் படகில் பல மணி நேரம் பயணம் செய்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அங்கிருந்து சிறு விமானத்தில் புகால்பா பக்கம் மருத்துவமனைக்கு. தந்தை அங்கே வந்து மகளைப் பார்த்தார். தாயின் உடல் ஜனவரி 12ஆம் தேதி கிடைத்தது.

பிறகு?

ஜூலியானே ஜெர்மனிக்குச் சென்று, பெற்றோரைப் போலவே உயிரியல் படித்தார். ஆராய்ச்சிக்காக அவர் திரும்பிப் போன இடம் எது தெரியுமா? பங்குவானா! அங்குள்ள வெளவால்களை ஆராய்ந்து 1987ஆம் ஆண்டில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தச் சிறிய காட்டுப் பகுதியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெளவால் வகைகள் உள்ளன. தந்தை 2000ஆம் ஆண்டில் காலமான பிறகு நிலையத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். 2011ஆம் ஆண்டில் பெரு அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

ஜெர்மானியத் திரைப்பட இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் 1971ஆம் ஆண்டில் அதே விமானத்தில் போக முயன்று இடம் கிடைக்காமல் நின்றுபோனவர். அவர் 1998ஆம் ஆண்டில் ஜூலியானேவை அழைத்துச் சென்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். காட்டுக்குள் விமானத்தின் துண்டுகள் அப்போதும் கிடந்தன. அவற்றின் மேல் செடிகொடிகள் படர்ந்திருந்தன. அந்தப் படத்துக்காக லிமாவிலிருந்து புகால்பாவுக்கு அவர்கள் மறுபடியும் விமானத்தில் பறந்தார்கள். ஜூலியானே அமர்ந்தது 19ஆம் வரிசையில், ஜன்னலோரத்தில்.